பல் இருக்கிறது, பதிவு இல்லை

மேலூரை அடுத்த சின்னமலம்பட்டி மயானத்தில் 2015 செப்டம்பர் மாதம் ஓர் இரவு முழுக்க ஐ.ஏ.எஸ். அதிகாரி ஒருவர் தங்கியிருந்தார். மதுரை மாவட்டத்துக் கிரானைட் முறைகேடுகளை விசாரிக்கச் சென்னை உயர் நீதிமன்றம் நியமித்த சட்ட ஆணையர் உ. சகாயம்தான் அவர். குவாரியில் முன்பு வேலை பார்த்த ஒருவர், மனநலம் பாதித்துத் தெருவில் திரிந்தவர்களைப் பிடித்து வந்து நரபலி கொடுத்து இங்கே புதைத்தார்கள் என்று புகார் சொல்லியிருந்தார். தோண்டும்வரை இடத்தை யாரும் கலைத்துவிடக் கூடாது என்று சகாயம் அங்கேயே இருந்துவிட்டார். மறுநாள் மண்ணை விலக்கியபோது எலும்புக்கூடுகள் கிடைத்தன. தொலைக்காட்சிகளுக்கு ஒரு வாரத்துக்குத் தீனி ஆயிற்று.

அந்தக் குற்றச்சாட்டின் மெய்யும் பொய்யும் நீதிமன்றத்தின் பாடு. நாம் எடுத்துக்கொள்ளப்போவது அதற்கு முன்பே எழும் கேள்வியை. மயானத்தில் எலும்புக்கூடு கிடைப்பதில் அதிசயம் என்ன? எடுத்த எலும்பு புகாரில் சொல்லப்பட்ட ஆளுடையதா, ஊரார் முறைப்படி அடக்கம் செய்த யாரோ ஒரு பெரியவருடையதா என்று தெரியாதவரை எந்த விசாரணையும் நகராது. முகம் இல்லை, ரேகை இல்லை, துணி மக்கியிருக்கும். இப்படி ஒரு குழியின் முன் நிற்கும் தடயவியல் மருத்துவர் முதலில் தேடுவது தாடையை.

பல்லின் மேலுறையான எனாமல் நம் உடம்பிலேயே கடினமான பொருள். எடையில் ஏறத்தாழ 96 விழுக்காடு கனிமம். கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த படிகம். எலும்பு அப்படியில்லை. அதற்குள் ரத்த ஓட்டம் உண்டு, செல்கள் உண்டு, புரதம் உண்டு. வாழ்நாள் முழுக்க அது கரைந்து கரைந்து புதிதாகக் கட்டப்படுகிறது. செத்த பிறகு கிருமிகளுக்கு இரையாகிறது. எனாமலில் உயிருள்ள செல் ஒன்றுகூடக் கிடையாது. ஒருமுறை உருவானால் உருவானதுதான், உடம்பு அதைத் திருத்தி எழுதுவதில்லை. தீயிலும் பல் எளிதில் அழிவதில்லை. உதடும் கன்னமும் நாக்கும் எரிந்து முடியும்வரை கடைவாய்ப் பற்களுக்கு அவையே கவசம். முன்பற்கள் சீக்கிரம் வெடிக்கும். பின்பற்களின் வேர்கள் தாடைக்குள் பத்திரமாக இருக்கும். கைரேகை போன பிறகும், முகம் கரியான பிறகும் ரூட் கெனால் செய்த ஒரு பல் எக்ஸ்ரேயில் தன் வேருக்குள் வெள்ளைக் கோடு போட்டுக் காட்டும்.

புதைகுழியில் இன்னொரு சிக்கல் உண்டு. சதை மக்கியதும் ஒற்றை வேர்ப் பற்கள், அதாவது முன்பற்கள், தாமாகவே கழன்று மண்ணில் விழுந்துவிடும். அதனால் எலும்பை எடுத்ததோடு வேலை முடிவதில்லை. தலை கிடந்த இடத்து மண்ணைச் சல்லடையில் சலிக்க வேண்டும். காலிக் குழியாக இருக்கும் பல்லிடமும் பேசும். உயிரோடிருந்தபோது பல்லைப் பிடுங்கியிருந்தால் சில மாதங்களில் எலும்பு வளர்ந்து அந்தக் குழி மூடி, விளிம்பு மழுங்கியிருக்கும். செத்த பிறகு உதிர்ந்த பல்லின் குழி அப்படியே ஆழமாக, கூரான விளிம்போடு இருக்கும். இந்த வேறுபாடு தெரியாதவர் கையில் கிடைத்தால், முழுப் பல்வரிசையோடு செத்தவரையும் பொக்கைவாயர் என்று எழுதிவிடுவார்.

பெயர் தெரியாவிட்டாலும் பல் தனியாகவே பல சங்கதிகளைச் சொல்லிவிடும். வயதுதான் அதில் முதன்மையானது. குழந்தைகளிடம் கணக்குத் துல்லியம்: நிரந்தரக் கடைவாய்ப் பற்களில் முதலாவது ஆறு வயது வாக்கில் முளைக்கும், இரண்டாவது பன்னிரண்டில், ஞானப்பல் 17-க்கும் 25-க்கும் இடையில். முளைக்காத பல்லும் எக்ஸ்ரேயில் தெரியும். வேர் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பதை வைத்து வயதைச் சில மாதங்களோ ஓராண்டோ முன்பின்னாகச் சொல்லலாம். பெரியவர்களிடம் அந்தத் துல்லியம் போய்விடுகிறது. சுவீடனைச் சேர்ந்த யோஸ்டா குஸ்தாப்சன் 1950-இல் ஆறு அடையாளங்களை வகுத்துக் கொடுத்தார்: தேய்மானம், ஈறு இறக்கம், பல்லுக்குள் ஊறும் புதிய படிவு, வேரின் மேல் சேரும் பூச்சு, வேர்க்கரைவு, வேர் நுனி கண்ணாடிபோல் ஆவது. முறை நல்லதுதான். ஆனால் செங்கல்பொடியும் அடுப்புக்கரியும் போட்டுத் தேய்த்தே வளர்ந்த தலைமுறையின் பல்லை வெளிநாட்டு அட்டவணையில் பொருத்தினால் நாற்பது வயதுக்காரர் அறுபது ஆகிவிடுவார். வெற்றிலைக் கறை, பீடி கடித்த இடத்துத் தேய்வு, தருமபுரிப் பக்கத்துத் தண்ணீரில் வளர்ந்தவர்களின் புளோரைடு பழுப்பு எல்லாமே ஆளைப் பற்றிய துப்புகள். அவற்றைப் படிக்க உள்ளூர் ஆள் வேண்டும்.

வயதுக்கு இன்னொரு கடிகாரம் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் திறந்தவெளியில் அணுகுண்டுகளை வெடித்துப் பார்த்தன. காற்றில் கார்பன்-14 ஏறத்தாழ இரட்டிப்பானது. 1963-இல் தடை ஒப்பந்தம் வந்த பிறகு ஆண்டுக்காண்டு குறைந்துகொண்டே வருகிறது. எந்த ஆண்டு எனாமல் உருவானதோ அந்த ஆண்டுக் காற்றின் கார்பன் அளவு அதில் பூட்டப்பட்டுவிடும். சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தைச் சேர்ந்த கிர்ஸ்டி ஸ்பால்டிங்கும் யோனாஸ் பிரிசேனும் 2005-இல் இதை வைத்துப் பிறந்த ஆண்டைச் சராசரியாக 1.6 ஆண்டு பிசகுக்குள் கணித்துக் காட்டினார்கள்.

எந்த மண்ணில் வளர்ந்தவர் என்பதையும் பல் காட்டும். பாறையில் உள்ள ருபீடியம்-87 கோடிக்கணக்கான ஆண்டுகளில் மெல்ல மெல்ல ஸ்ட்ரான்சியம்-87 ஆக மாறுகிறது. பாறை தண்ணீரில் கரைய, தண்ணீர் பயிருக்குப் போக, அந்த ஸ்ட்ரான்சியம் சின்ன வயதில் நம் எனாமலில் வந்து சேர்கிறது. ருபீடியம் மிகுந்த பழைய கிரானைட் பூமியில் வளர்ந்தவருக்கு ஸ்ட்ரான்சியம்-87-இன் விகிதம் கூடுதலாக இருக்கும், தக்காணத்து எரிமலைப் பாறை மேல் வளர்ந்தவருக்குக் குறைவாக. எந்தக் கல்லுக்காக மேலூரில் இத்தனை வழக்கும் நடந்ததோ, அதே கல்லின் கையெழுத்து இந்த வட்டாரத்துப் பிள்ளைகளின் பல்லில் இருக்கிறது. தெருவில் திரிந்து எங்கோ செத்துப்போனவர் இந்தப் பக்கத்து ஆளா, வடக்கேயிருந்து வந்தவரா என்ற கேள்விக்கு இது ஒரு வழி.

இவ்வளவும் சொல்லும் பல், பெயரை மட்டும் சொல்வதில்லை. மதுரைக்குப் பக்கத்தில் கீழடியின் இடுகாடாகக் கருதப்படும் கொந்தகையில் தாழிகளிலிருந்து எடுத்த இரண்டு ஆண் மண்டையோடுகளுக்கு, மதுரை காமராசர் பல்கலைக்கழகம் கொடுத்த அளவீடுகளைக் கொண்டு லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகம் 2025-இல் முகம் வரைந்து கொடுத்தது. ஏறத்தாழ 2,500 ஆண்டுக்கு முந்தைய மனிதர் நம்மைப் பார்க்கிறார். யார் அவர்? எப்போதும் தெரியப்போவதில்லை, ஒப்பிட எதுவும் இல்லை. அங்கே அது குறையல்ல. 2015-இல் தோண்டிய குழியில் அதுவே வழக்கின் முட்டுக்கட்டை.

அடையாளம் காண்பது என்பது ஒப்பிடுவது. ஒரு பக்கம் பிணத்தின் பல், இன்னொரு பக்கம் உயிரோடிருந்தபோது எடுத்த பதிவு. பன்னாட்டுக் காவல் அமைப்பான இன்டர்போல், பேரிடர்களில் ஒருவரை உறுதியாக அடையாளம் காண மூன்றே முதன்மைச் சான்றுகளை ஏற்கிறது: கைரேகை, பல், டி.என்.ஏ. இறந்தவரைப் பற்றிய விவரம் இளஞ்சிவப்புப் படிவத்தில், காணாமல் போனவரைப் பற்றியது மஞ்சள் படிவத்தில். இரண்டையும் அருகருகே வைத்துத்தான் முடிவு.

ஒப்பிடும் முறையில் ஒரு நேர்த்தி இருக்கிறது. பற்களுக்கு உலகின் பெரும்பாலான நாடுகளில் இரண்டு இலக்க எண் உண்டு. கீழ்த்தாடை வலப்பக்கம் முதல் கடைவாய்ப் பல் 46. பதிவில் 46 சொத்தை அடைக்கப்பட்டது என்று இருந்து, எலும்புக்கூட்டில் அந்த இடமே காலியாக, ஆறி மூடியிருந்தால் பிரச்சினை இல்லை. பிற்பாடு பிடுங்கியிருக்கலாம். ஆனால் பதிவில் 46 பிடுங்கப்பட்டது என்று எழுதியிருந்து, எலும்புக்கூட்டில் அந்தப் பல் உறுதியாக நின்றால் கதை அங்கேயே முடிந்தது. இது அந்த ஆள் இல்லை. நூறு பொருத்தம் இருந்தாலும் விளக்க முடியாத ஒரே ஒரு முரண் போதும். பத்துப் பொருத்தத்துக்கு எட்டு என்று ஜாதகம் பார்க்கிற வேலை இல்லை இது. இத்தனை புள்ளி பொருந்தினால் போதும் என்ற குறைந்தபட்ச எண் எதுவும் கிடையாது. அபூர்வமான வேர் வளைவு கொண்ட ஒரே பல்லின் எக்ஸ்ரேகூட ஆளைச் சொல்லிவிடலாம்.

பதிவு எவ்வளவு முக்கியம் என்பதற்குப் பழைய வழக்கொன்று. 1849 நவம்பரில் பாஸ்டன் நகரத்துச் செல்வர் ஜார்ஜ் பார்க்மன் கொடுத்த கடனைக் கேட்கப் போய்க் காணாமல் போனார். ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் ஜான் வெப்ஸ்டரின் ஆய்வகத்தில் உடல் துண்டுகளும் உலையில் எரிந்த சில தாடைத் துண்டுகளும் செயற்கைப் பற்களும் அகப்பட்டன. அந்தப் பல் செட்டைச் செய்து கொடுத்த பல் மருத்துவர் நேதன் கீப், சில ஆண்டுகளுக்கு முன் பார்க்மனின் தாடைக்கு எடுத்த அச்சைத் தூக்கியெறியாமல் வைத்திருந்தார். நீதிமன்றத்தில் அச்சின் மேல் துண்டுகளை வைத்தார், பொருந்தின. 1850-இல் வெப்ஸ்டர் தூக்கில் போடப்பட்டார். கீப்பின் கெட்டிக்காரத்தனம் ஒருபுறம் இருக்கட்டும். வேலை முடிந்த அச்சை அவர் வீசியிருந்தால் வழக்கு என்னவாகியிருக்கும்? (அதே 1849-இல்தான் சென்னையில் இந்தியாவின் முதல் வேதியியல் தடய ஆய்வகம் தொடங்கப்பட்டது. நம் தமிழ்நாட்டுத் தடய அறிவியல் துறையின் வேர் அது.)

நம் பக்கத்து வழக்கு ஒன்றும் இதற்குக் குறைந்ததில்லை. 1952 ஆகஸ்ட் கடைசியில், சென்னை எழும்பூரிலிருந்து கிளம்பிய போட் மெயிலில் ஒரு டிரங்குப் பெட்டி நாறியது. மானாமதுரையில் இறக்கித் திறந்தால் தலையில்லாத உடல். சில நாளில் சென்னை ராயபுரம் கடற்கரையில் தலை கிடைத்தது. கொல்லப்பட்டவர் சைனா பஜாரில் பேனா வியாபாரம் செய்த ஆளவந்தார். சென்னை மருத்துவக் கல்லூரியின் சி.பி. கோபாலகிருஷ்ணன் தலையையும் உடலையும் ஆராய்ந்தார். காதிலிருந்த துளைகளையும் தெத்துப்பல்லையும் பார்த்து மனைவி அடையாளம் சொன்னார். ஆளவந்தார் முன்பு இராணுவத்தில் இருந்ததால் ரேகைப் பதிவு இருந்தது; அதுவும் ஒத்துப்போனது. கவனியுங்கள்: பல்லைப் பற்றிய பதிவு மனைவியின் நினைவில் இருந்தது, ரேகையைப் பற்றியது மட்டும் காகிதத்தில். தலை அழுகி, மனைவியும் இல்லாமல் போயிருந்தால் அந்தத் தெத்துப்பல் எதையும் நிரூபித்திருக்காது.

ஐம்பத்திரண்டு ஆண்டு கழித்து, 2004 டிசம்பர் 26-இல், சுனாமியாக எழுந்த ஒரே கடல் ஒரே நாளில் இரண்டு கரைகளில் இந்தப் பாடத்தை எழுதிக் காட்டியது. தாய்லாந்தின் சுற்றுலாக் கடற்கரைகளில் செத்த ஐரோப்பியர்களின் பல் மருத்துவக் கோப்புகள் சுவீடனிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வந்து சேர்ந்தன. வெயிலில் கெட்டுப்போன உடல்களில் பெரும்பாலானவற்றுக்கு முதலில் பெயர் கொடுத்தது பல்தான். அதே தாய்லாந்தில் உள்ளூர்க்காரர்களுக்கு அந்தக் கோப்பு பெரும்பாலும் இல்லை, ரேகைக்கும் டி.என்.ஏ.வுக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. நம் நாகப்பட்டினம் மாவட்டத்தில் 6,000-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். நோய் பரவுமோ என்ற பயத்தில் இரண்டு மூன்று நாளில் கூட்டம் கூட்டமாகப் புதைத்தார்கள். அந்தப் பயத்துக்கு மருத்துவ ஆதாரம் அவ்வளவாக இல்லை என்பதை உலக நலவாழ்வு நிறுவனம் பலமுறை சொல்லிவிட்டது. ஆனால் காத்திருந்திருந்தாலும் எதோடு ஒப்பிடுவது?

மேலூர் பேருந்து நிலையத்தைச் சுற்றி இப்போது பல் கிளினிக்குகளுக்குப் பஞ்சமில்லை. கிராமத்திலிருந்து வருகிறவர் வலி உயிர்போகும்போதுதான் வருகிறார். "பிடுங்கி விட்டுருங்க டாக்டர், திரும்ப வர முடியாது" என்கிறார். பிடுங்கியாயிற்று. மாத்திரைச் சீட்டில் மருந்துப் பெயர் இருக்கும். எந்தப் பல் என்பது இருக்காது. எக்ஸ்ரே எடுத்தாலும் சின்ன பிலிம், அவர் கையில் கொடுத்தது மஞ்சள்பையோடு போயிற்று. மருத்துவர் நோயாளிப் பதிவுகளை மூன்று ஆண்டாவது வைத்திருக்க வேண்டும் என்று இந்தியப் பல் மருத்துவக் கவுன்சிலின் ஒழுக்க விதி சொல்கிறது. ஆள் காணாமல் போய் எலும்பு கிடைப்பதற்குள் மூன்று ஆண்டு எளிதில் ஓடிவிடும். மேலூர்ப் புகாரில் சொல்லப்பட்டவர்கள் போல வீடு வாசலற்றுத் திரிந்தவராக இருந்தால் பல் மருத்துவர் நாற்காலியில் உட்கார்ந்தே இருக்கமாட்டார். எளிய இலக்கு என்று ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறவனுக்கு இது நன்றாகத் தெரியும்.

அரசுக்கும் உடம்பைப் பதிவு செய்யும் பழக்கம் உண்டு, தோலின் மேல் மட்டும். பள்ளிச் சான்றிதழில் அங்க அடையாளம் என்று இரண்டு மச்சம் எழுதுகிறோம். வலது முழங்கையில் ஒன்று, கழுத்தில் ஒன்று. காவல் நிலையத்தில் காணவில்லை என்று புகார் கொடுத்தாலும் நிறம், உயரம், மச்சம், உடுத்தியிருந்த துணி என்றே கேட்கிறார்கள். மண்ணுக்குள் முதலில் போவது தோல். ஆதாரில் ரேகையும் கருவிழியும் இருக்கின்றன; எலும்புக்கூட்டில் இரண்டுமே இல்லை.

டி.என்.ஏ. வந்த பிறகு பல் எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பழைய பிணத்தில் டி.என்.ஏ. அதிகம் தப்பிப் பிழைப்பதும் பெரும்பாலும் பல்லுக்குள்தான். அதற்கும் ஒப்பிட ரத்த உறவு வேண்டும். எந்தக் குடும்பத்தைக் கூப்பிடுவது என்று தெரிந்தால்தானே ரத்தம் எடுக்க முடியும்? 2010 மே மாதம் மங்களூரில் விமானம் எரிந்து 158 பேர் இறந்தார்கள். முதல் நாளிலேயே பலர் உடலைக் கண்ணால் பார்த்தும் மோதிரம், துணி பார்த்தும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். பிறகு டி.என்.ஏ. சோதித்தபோது மிஞ்சிய உடல்களில் 12 எந்தக் குடும்பத்தோடும் பொருந்தவில்லை. முன்பே உடல்கள் மாறிப்போயிருந்தன. துயரத்தில் இருக்கும் கண் தன் மகனைத்தான் பார்க்கும். அதைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அதைச் சான்றாக ஏற்றது தவறு.

பல்லின் பெயரால் நடக்கும் இன்னொன்றையும் இதோடு குழப்பக் கூடாது. கடித்த தழும்பை வைத்துக் குற்றவாளியைக் காட்டுவது. டெல்லியில் 2012-இல் நடந்த பாலியல் வன்கொடுமை வழக்கில் அந்தச் சான்றும் மற்றவற்றோடு சேர்ந்து வைக்கப்பட்டது. ஆனால் தோல் ஒரு மோசமான அச்சு, இழுபடும், வீங்கும். அமெரிக்காவில் ரே குரோன் என்பவர் கடித்தழும்பை நம்பியே 1992-இல் தண்டிக்கப்பட்டு, டி.என்.ஏ. சோதனையால் 2002-இல் விடுதலையானார். தாடை எலும்பையும் எக்ஸ்ரேயையும் ஒப்பிடுவது வேறு சாதி, உறுதியான சாதி. இரண்டுக்கும் ஒரே பெயர்ப்பலகை மாட்டுவதால் நல்லதற்கும் கெட்ட பெயர்.

பதிவே இல்லாத நாட்டில் தமிழ்நாட்டு அறிவியலாளர் ஒருவர் வேறொரு வழியில் இறங்கினார். மாநிலத் தடய அறிவியல் துறையின் இயக்குநராக இருந்த பேராசிரியர் ப. சந்திரசேகரன், மண்டையோட்டின் படத்தையும் ஆளின் பழைய புகைப்படத்தையும் ஒரே கோணத்தில் திரையில் ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்றிப் பார்க்கும் முறையை வளர்த்தார். 1991-இல் ஸ்ரீபெரும்புதூர் குண்டுவெடிப்பைத் துலக்கியவர்களில் முதன்மையானவர் அவர். இந்த முறையில் கண்குழியும் மூக்கும் தோராயமாகவே பொருந்தும், இடையில் சதை இருப்பதால். சதை மூடாமல் எலும்புத் தொகுதி நேரடியாகப் படத்தில் தெரிகிற ஒரே இடம் பல். அதற்கு ஆள் சிரித்திருக்க வேண்டும். ஸ்டுடியோவில் உம்மென்று உட்கார்ந்து எடுத்த அந்தக் காலத்துப் படங்கள் இதற்கு உதவமாட்டா. இன்று திருவிழாக் கூட்டத்தில் பல் தெரிய எடுக்கும் செல்பி, கல்யாண வீடியோ எல்லாமே ஒருவகையில் பல் பதிவுதான். வளைந்த முன்பல், இடைவெளி, உடைந்த நுனி எல்லாம் அதில் இருக்கும். காணாமல் போனவரைப் பற்றிப் புகார் கொடுக்கப் போகும்போது பாஸ்போர்ட் அளவுப் படத்தோடு இப்படி ஒன்றையும் சேர்த்துக் கொடுக்க யாரும் தடை சொல்லப்போவதில்லை.

பல் செட் கட்டியவர்கள் விஷயத்தில் வேலை இன்னும் எளிது. அமெரிக்காவின் சில மாநிலங்களில் பல் செட்டில் அணிபவரின் பெயரைப் பதிக்க வேண்டும் என்பது சட்டம். ஈறுநிற அக்ரிலிக்கை வார்க்கும்போதே பெயரும் ஊரும் எழுதிய மெல்லிய சீட்டு ஒன்றைப் பின்பக்கம் வைத்து மேலே தெளிந்த அக்ரிலிக்கால் மூடினால் போதும். தீயைத் தாங்க வேண்டுமென்றால் மெல்லிய எஃகுத் தகட்டில் பொறிக்கலாம். பல் செய்யும் கூடத்துக்கு இது சில நிமிட வேலை. ஞாபகமறதியில் வீட்டை விட்டுக் கிளம்பிப் பழமுதிர்சோலைப் பக்கமோ அழகர் மலையடிவாரத்திலோ நின்றுகொண்டிருக்கும் முதியவரைத் திருப்பி வீட்டில் சேர்க்கவும் அதே சீட்டு உதவும். அவர் உயிரோடு இருக்கும்போதே.